பழைய பாட்டும் புதிய பாட்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் செயற்குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)

 

அடுத்த நிகழ்ச்சி இன்னிசை, அதற்கடுத்தது விருந்து. இவ்விரண்டிற்கும் முன்னே நிற்கும் பேச்சாளர் நிலை இரங்கத்தக்கது என்பதை நாம் அறிவோம். எனினும் இன்று பாடப்போகும் பாட்டுகளைப் பற்றிச் சில சொல்லிவைப்பது கடமை எனச் செயற்குழு கருதியது. 'எந்தப் பாட்டைக் கேட்பது? பழையதையா, புதியதையா?' என்னும் கேள்வி நம் காலனியில் பல ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருக்கிறது. சிறு பூசல்தானே என்று இதனை ஒதுக்கிவிடுதற்கில்லை. நம் இல்லங்களில் தமிழ் எத்தனை காலம் வாழும் என்பது இதனுள் அடங்கியிருக்கிறது.

நம்முள் மூத்தோர் தலைநகருக்கு வந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு பயணம். கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு, ஊறுகாய் ஜாடி. பெட்டியில் நூல்கள் சில இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் வந்த ஒவ்வொருவர் நெஞ்சிலும் பாட்டுகள் இருந்தன. தாலாட்டும் நலங்கும் ஊஞ்சலும் பெண்களோடு வந்தன. கோயிலில் கேட்ட தேவாரமும் திருப்பாவையும் வந்தன. டூரிங் கொட்டகையில் மணல் குவித்து அமர்ந்து கேட்ட திரைப்பாட்டுகளும் வந்தன. சுமைகூலி கேட்காத சாமான் அது ஒன்றுதான்.

இன்று நம் பேரப்பிள்ளைகள் வளரும் நிலை என்ன? தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். வீட்டுத் தமிழ் எவ்வளவு? 'சாப்பிட வா', 'கதவைச் சாத்து', 'படிக்க உட்கார்', 'தாத்தாவைக் கூப்பிடு' என்னும் அளவில் அது நின்றுவிடுகிறது. ஏவலும் விலக்கலுமாக ஒரு நூறு சொற்கள் தேறலாம். ஏக்கம், நாணம், பிரிவு, பரிவு, பெருமிதம் என்னும் சொற்களை அப்பிள்ளை எங்கே கேட்கும்? நாம் உணவு மேசையில் அச்சொற்களைப் பேசுவதில்லை. செய்தித்தாளோ ஆங்கிலத்தில் வருகிறது. வளர்ந்த மனிதரின் தமிழை ஒரு குழந்தை இங்கே கேட்கும் இடம் பெரும்பாலும் பாட்டு ஒன்றுதான். படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் பாட்டு நுழையும். பொருள் விளங்காத சொல்லும் மெட்டோடு சேர்ந்து மனத்தில் தங்கிப் பின்னொருநாள் பொருள் தரும்.

அந்தப் பாட்டும் இன்று வீட்டுக்குள் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஓர் அறையில் தாத்தா தம் காலத்துப் பாட்டைக் கேட்கிறார். மற்றோர் அறையில் பேத்தி காதில் கருவியைச் செருகிக்கொண்டு தன் காலத்துப் பாட்டைக் கேட்கிறாள். 'இப்பொழுது வருவதெல்லாம் பாட்டா? வெறும் இரைச்சல்!' என்பது ஓர் அறையின் தீர்ப்பு. 'தாத்தா பாட்டைக் கேட்டால் தூக்கம் வருகிறது' என்பது மற்றோர் அறையின் தீர்ப்பு. இருவரும் கேட்பது தமிழ்தான். ஆனால் ஒருவர் தமிழ் மற்றவர்க்கு எட்டவில்லை.

இதில் செயற்குழுவினராகிய நம் பிழையும் ஒன்று உண்டு. அதனை இவ்வவையில் வெளிப்படையாகக் கூறுதல் முறையாகும்.

2012-ஆம் ஆண்டு விழாவில், அப்பொழுது பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நம் காலனிப் பெண்ணொருத்தி மேடையேறிப் பாடத் தொடங்கினாள். பாட்டு 2008-இல் வெளிவந்த 'சுப்பிரமணியபுரம்' படத்தின் 'கண்கள் இரண்டால்'. பல்லவி முடியும் முன்னரே முன்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. 'இது தமிழ்ச் சங்கம். சினிமாக் கொட்டகை அன்று' என்று ஒரு பெரியவர் உரக்கக் கூறினார். நேரம் போதவில்லை என்று காரணம் காட்டி, ஒலிபெருக்கியை நாமே நிறுத்தச் செய்தோம். அந்தப் பெண் கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். அதே மாலையில் நம் உறுப்பினர் ஒருவர், டாக்டர் பாலமுரளிகிருஷ்ணா 1977-இல் 'கவிக்குயில்' படத்திற்காகப் பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' என்னும் பாட்டைப் பாடினார். அவை தலையசைத்து மகிழ்ந்தது. அதுவும் சினிமாப் பாட்டுத்தான் என்பது எவர்க்கும் தோன்றவில்லை.

சில நாள் கழித்து, நம் காலனிப் பிள்ளைகளுக்கு வயலின் கற்பிக்கும் அம்மையார் நம்மிடம் ஒரு வினா எழுப்பினார். 'நீங்கள் நிறுத்திய பாட்டும் நீங்கள் தலையசைத்த பாட்டும் ஒரே இராகத்தில் அமைந்தவை என்பதை அறிவீர்களா?' என்றார். இரண்டும் ரீதிகௌளை. சுப்பராய சாஸ்திரியார் 'ஜனனி நின்னுவினா' என்னும் கீர்த்தனையை அமைத்த இராகம் அது. அந்த இராகத்தைத் திரைக்குக் கொண்டுவந்து இளையராஜா 1977-இல் பாடச் செய்தார். பாட்டை எழுதியவர் பஞ்சு அருணாசலம். முப்பத்தொரு ஆண்டு கழித்து ஜேம்ஸ் வசந்தன் அதே இராகத்தில் மெட்டமைத்தார். பாட்டை எழுதியவர் கவிஞர் தாமரை. நாம் இராகத்தையும் கேட்கவில்லை, சொல்லையும் கேட்கவில்லை, பாட்டின் வயதை மட்டும் பார்த்துத் தீர்ப்பளித்துவிட்டோம்.

இன்னொன்றும் பின்னர் அறிந்தோம். அப்பெண்ணுக்குத் தமிழ் எழுத்து அப்பொழுது தெரியாது. பாட்டை இந்தி எழுத்தில் எழுதிவைத்து, ஊரிலுள்ள பாட்டிக்கு நாள்தோறும் தொலைபேசியில் பாடிக்காட்டி, 'ழ'கரமும் 'ள'கரமும் பிறழாமல் ஒலிக்கப் பயின்றிருக்கிறாள். அவள் கையிலிருந்த தாள் அதுதான். தமிழ் வளர்ப்பதற்கென்று கூடிய சங்கம், தானே முயன்று தமிழ் பயின்று வந்த ஒரு பிள்ளையை மேடையிலிருந்து இறக்கியது.

அதன்பின் அவர் இவ்வரங்கிற்கு வரவில்லை. படிப்பு, பணி, திருமணம் என்று வெளியூர் சென்றார். அண்மையில் தம் மகளுடன் இக்காலனிக்கே திரும்பி வந்திருக்கிறார். அக்குழந்தைக்கு இந்தி நன்றாக வருகிறது, தமிழ் வரவில்லை. ஒரு பாட்டை நிறுத்தியதனால் ஒரு குடும்பத்தில் ஒரு மொழி நின்றுவிட்டது என்று கூறினால் அது மிகை. ஆயினும் அந்த நிறுத்தத்திற்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்று கூற நம் மனம் துணியவில்லை.

இனி வழக்கை ஆராய்வோம். 'பழைய பாட்டே பாட்டு' என்னும் பெரியோர்க்கு ஒரு நினைவூட்டல். நீங்கள் இன்று போற்றும் பழைய பாட்டுகள் யாவும் ஒருநாள் புதிய பாட்டுகளாய் இருந்து வசை கேட்டவையே. 1952-இல் மத்திய அரசின் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக பி. வி. கேஸ்கர் பொறுப்பேற்றார். திரைப்பாட்டு மக்களின் சுவையைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாட்டு ஏறக்குறைய மறைந்தது. மக்கள் என்ன செய்தனர்? வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலியின் பக்கம் திருப்பினர். ஐந்தாண்டு கழித்து, 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி தொடங்கப்பட்டு, திரைப்பாட்டு மீண்டும் நம் நாட்டு வானொலியில் ஒலித்தது. அவ்வாறு விலக்கப்பட்டவை எந்தப் பாட்டுகள்? ஜி. இராமநாதனும் சி. ஆர். சுப்பராமனும் கே. வி. மகாதேவனும் இசையமைத்த காலத்துப் பாட்டுகள் அவை. இன்று அவற்றைத்தான் 'பொற்காலம்' என்கிறோம்.

1976-இல் 'அன்னக்கிளி' வந்தபொழுதும் நம் வீடுகளில் முகம் சுளித்தவர் உண்டு. 'வயற்காட்டுப் பாட்டு வரவேற்பறைக்கு வந்துவிட்டது' என்றனர். அவர்களே இன்று இளையராஜாவின் பாட்டு வந்தால் ஒலியைக் கூட்டச் சொல்கின்றனர். 1992-இல் 'ரோஜா' வந்தபொழுது, 'கருவியின் ஓசையில் சொல் மறைகிறது' என்றவர்களும் உண்டு. அப்படத்துப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தோர் இன்று தம் பிள்ளைகளின் பாட்டைக் குறைகூறும் வயதை அடைந்துவிட்டனர். குறைகூறும் பொறுப்பு தலைமுறைதோறும் தவறாமல் கைமாறி வருகிறது.

மற்றொன்றையும் எண்ணுதல் வேண்டும். பழையவற்றுள் நாம் கேட்பவை காலம் என்னும் முறத்தில் புடைத்துக் கொழிக்கப்பட்ட அரிசி. அக்காலத்தும் உமியும் கல்லும் இருந்தன. காற்று அவற்றைக் கொண்டுபோயிற்று. இன்றைய பாட்டு இன்னும் புடைக்கப்படாத நெல். அரிசியையும் நெல்லையும் அருகருகே வைத்து, 'இது வெண்மை, அது தவிட்டு நிறம்' என்று கூறுதல் நேர்மையாகுமா?

இளைஞர்க்கும் ஒரு சொல். பழைய பாட்டு மெல்ல நடக்கிறது என்கிறீர்கள். மெய்தான். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்து பொருளாவதற்கு அது நேரம் கொடுக்கிறது. தமிழை அரைகுறையாக அறிந்த செவிக்கு அந்த மெதுநடை பெரிய உதவியன்றோ? டி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய பாட்டில் வல்லினம் வல்லினமாகவும் மெல்லினம் மெல்லினமாகவும் ஒலிக்கும். ஆசிரியர் வைத்துக் கற்க வேண்டியதை அவர்கள் பாட்டிலேயே கற்றுக்கொள்ளலாம்.

ஆகவே செயற்குழுவின் பரிந்துரை இது: பழையதையும் புதியதையும் பகைவராக்காமல் இணையாகக் கேளுங்கள். ஒரு பழைய பாட்டு. அதன் உறவாக ஒரு புதிய பாட்டு. அவ்வகையில் ஆறு இணைகளைத் தெரிந்தெடுத்திருக்கிறோம். ரீதிகௌளையில் அமைந்த முதல் இணையை முன்னரே கூறிவிட்டோம். ஏனைய ஐந்தும் இவை.

இரண்டாவது இணை தாலாட்டு. பழையது 1961-இல் வந்த 'பாசமலர்' படத்தின் 'மலர்ந்தும் மலராத'. கவியரசு கண்ணதாசன் எழுத, விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையமைக்க, டி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடியது. பிரிந்து வாழும் அண்ணனும் தங்கையும் தத்தம் குழந்தையைத் தாலாட்டுகின்றனர். புதியது 2013-இல் வந்த 'தங்க மீன்கள்' படத்தின் 'ஆனந்த யாழை'. நா. முத்துக்குமார் எழுதி, யுவன் சங்கர் ராஜா இசையமைத்து, ஸ்ரீராம் பார்த்தசாரதி பாடிய இப்பாட்டு, எழுதியவர்க்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. அங்கே மாமன் உறவு. இங்கே தந்தை-மகள் உறவு. நம் பிள்ளைகளுக்கு மாமனும் சித்தப்பனும் அண்டை வீட்டாரும் எல்லாரும் 'அங்கிள்'. தாய்மாமன் என்பவர் யார், அவர் ஏன் குழந்தைக்குச் சீர் கொண்டு வருகிறார் என்பதை இங்கே எவர் சொல்லித் தருவார்? பழைய பாட்டைக் கேட்பித்து, ஊரிலுள்ள மாமனைத் தொலைபேசியில் அழைத்துப் பேசச் செய்யுங்கள். பின்னர்ப் புதிய பாட்டைத் தந்தையும் மகளும் அருகருகே அமர்ந்து கேளுங்கள். அன்பை வாய்விட்டுச் சொல்லப் பழகாத தந்தையர் நம்முள் பலர். அவர்களுக்காக அந்தப் பாட்டு பேசும்.

மூன்றாவது இணை, இரண்டாயிரம் ஆண்டு பழமையுடைய ஒரு செய்யுள் ஈன்ற இரண்டு பிள்ளைகள். குறுந்தொகையில் நாற்பதாம் பாட்டு, செம்புலப்பெயனீரார் பாடியது. முன்பின் அறியாத இருவர் நெஞ்சம், செம்மண்ணில் விழுந்த மழைநீர் போல ஒன்றாய்க் கலந்ததைக் கூறுவது. இக்கருத்தின் சாயலை 1965-இல் 'வாழ்க்கைப் படகு' படத்தில் கண்ணதாசன் எழுதி, பி. பி. ஸ்ரீநிவாஸ் பாடிய 'நேற்று வரை நீ யாரோ' என்னும் பாட்டில் காண்கிறோம். அங்கே சங்கச் செய்யுள் எளிய பேச்சு நடையில் ஆடை மாற்றிக்கொண்டு வருகிறது. 1997-இல் 'இருவர்' படத்திற்கு வைரமுத்து எழுதிய 'நறுமுகையே' அச்செய்யுளின் சொற்களையே எடுத்தாள்கிறது. பாரி மகளிர் பாடிய புறநானூற்றுப் பாட்டின் தொடரும் அதில் உண்டு. ஏ. ஆர். ரகுமான் இசையில் உன்னிகிருஷ்ணனும் பம்பாய் ஜெயஸ்ரீயும் பாடியது. இங்கே கவனியுங்கள்: பழைய பாட்டின் தமிழ் எளியது, புதிய பாட்டின் தமிழ் அரியது. 'புதியதில் தமிழ் இல்லை' என்பார்க்கு இதனினும் வேறு மறுமொழி வேண்டுமோ?

நான்காவது இணை மண்ணும் உழைப்பும். 1958-இல் வந்த 'நாடோடி மன்னன்' படத்தில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய 'சும்மா கிடந்த நிலத்தை' என்னும் பாட்டு. டி. எம். சௌந்தரராஜனும் பி. பானுமதியும் பாடினர். பாடுபட்டவன் கைக்கு என்ன வந்தது என்று கேட்கும் பாட்டு அது. எழுதியவர் அடுத்த ஆண்டே, இருபத்தொன்பது வயதில் மறைந்தார். இதற்கு இணை 2021-இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'. தீயும் அறிவும் பாடியது. சந்தோஷ் நாராயணன் இசை. திரைப்படம் எதனையும் சாராமல் தனியே வெளிவந்த பாட்டு இது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தாயகம் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வே இதன் வித்து என்று அறிவு கூறியிருக்கிறார். ஒப்பாரியின் ஒலி இதில் கேட்கும். காடு திருத்தி நிலமாக்கியவர், அந்நிலத்தில் உரிமையின்றி நின்ற துயரும் கேட்கும்.

இப்பாட்டை நம் இளைஞர்கள் சென்ற ஆண்டு இசைத்தபொழுது, தாளம் மிகுதி என்று எழுந்து சென்றவர்கள் சிலர். அவர்களிடம் ஒன்று கேட்கிறோம். நாமும் ஊர் பெயர்ந்து வந்தவர்களே. நம்மை அழைத்துவந்தது அரசு வேலை. நமக்குக் குடியிருப்பும் ஓய்வூதியமும் கிடைத்தன. கப்பலேறித் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற தமிழர்க்கு அவை கிடைக்கவில்லை. அவர்கள் பேரன் பாடும்பொழுது நாம் அமர்ந்து கேட்பது, உறவுமுறைக்குச் செய்யும் மரியாதையாகும்.

ஐந்தாவது இணை, வடக்கே வந்த பாட்டுகள். 1945-இல் வந்த 'மீரா' படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய 'காற்றினிலே வரும் கீதம்'. எழுதியவர் கல்கி; இசை எஸ். வி. வெங்கட்ராமன். இராசத்தானத்து அடியாளின் கதையைத் தமிழ் நாட்டார் தமிழில் பாடி, 1947-இல் இந்தியிலும் எடுத்து வட நாட்டார்க்கே திருப்பித் தந்தனர். இதற்கு இணை 'ரோஜா' படத்தின் 'சின்னச் சின்ன ஆசை'. மின்மினி பாடியது, ரகுமானுக்கும் வைரமுத்துவுக்கும் தேசிய விருது தந்த படம் அது. இதன் இந்தி வடிவம் நம் அண்டை வீட்டார்க்கெல்லாம் தெரியும். நம் பிள்ளைகளுள் சிலர் இந்தியில்தான் இதனை முதலில் கேட்டனர். 'இது தமிழிலும் உண்டா?' என்று வியந்தனர். மூலம் எது, பெயர்ப்பு எது என்பதை அவர்கள் அறிய வேண்டும். அதே வேளையில், ஒரு மெட்டு இரு மொழி வீடுகளையும் இணைக்கும் என்பதையும் அறிய வேண்டும்.

ஆறாவது இணை குழந்தைகளுக்கு. பாரதியாரின் 'சின்னஞ்சிறு கிளியே', 1951-இல் 'மணமகள்' படத்தில் சி. ஆர். சுப்பராமன் இசையில் எம். எல். வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும் பாடிய வடிவம். பல இராகங்கள் மாலையாய்த் தொடுக்கப்பட்டது. 1949-இல் சென்னை அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையைப் பெற்றுப் பின்னர் அவற்றை மக்களுக்குப் பொதுவாக்கிற்று. ஆதலின் அது சட்டப்படியும் நம் சொத்து. இதற்கு இணை, 2014-இல் வந்த 'சைவம்' படத்தின் 'அழகே அழகே'. ஜி. வி. பிரகாஷ் குமார் இசை. பாடிய உத்தரா உன்னிகிருஷ்ணனுக்கு அப்பொழுது வயது பத்து. அவ்வயதிலேயே தேசிய விருது பெற்றாள். சற்று முன் கூறிய 'நறுமுகையே' பாட்டைப் பாடியவரின் மகள் அவள். பாட்டை எழுதிய நா. முத்துக்குமாரும் தேசிய விருது பெற்றார். 2016-இல் நாற்பத்தோராம் வயதில் நம்மை விட்டுப் பிரிந்தார். அவர் விட்டுச்சென்றவற்றை நம் குழந்தைகள் வாயில் வாழவைப்பது நம் கையில் இருக்கிறது.

இந்த ஆறு இணைகளைக் கேட்கும் முறையையும் கூறி முடிக்கிறோம். வாரத்தில் ஒரு நாள், இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் போதும். காதில் செருகும் கருவியை எடுத்து வையுங்கள். கூடத்தில் அனைவரும் கேட்கும்படி ஒலிக்கட்டும். ஒரு பாட்டைப் பெரியவர் தேர்ந்தெடுக்கட்டும். மற்றொன்றை வீட்டிலேயே இளையவர் தேர்ந்தெடுக்கட்டும். பாட்டு முடியுமுன் எவரும் குறை கூறலாகாது. இது பெரியவர்க்கும் பொருந்தும், பெரியவர்க்கே மிகுதியாகப் பொருந்தும். முடிந்தபின், விளங்காத சொல் ஒன்றைப் பிள்ளை கேட்க வேண்டும். பெரியவர் பொருள் கூற வேண்டும். புதிய பாட்டில் பெரியவர்க்கு விளங்காததைப் பிள்ளை கூற வேண்டும். அன்று கற்ற ஒரு சொல்லைப் பிள்ளை தன் கையால் தமிழ் எழுத்தில் எழுதி நாட்காட்டியின் ஓரத்தில் ஒட்டட்டும். வாரம் ஒரு சொல் எனின் ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு சொற்கள். அவை சோற்றுக்கும் கதவுக்கும் உரிய சொற்கள் அல்ல, நெஞ்சுக்கு உரியவை.

சங்கமும் தன் பங்கைச் செய்ய உறுதி பூண்டிருக்கிறது. இனி ஆண்டு விழாவில் பழைய பாட்டும் புதிய பாட்டும் இணை இணையாகவே பாடப்பெறும். மேடையேறிய பிள்ளையின் ஒலிபெருக்கி, பாட்டு முடியும்வரை நிறுத்தப்படமாட்டாது. இந்தி எழுத்தில் பாட்டை எழுதிக்கொண்டு வரும் பிள்ளைக்கு, பாடி முடித்தபின் தமிழ் எழுத்தைக் கற்பிக்க ஞாயிறு வகுப்பு காத்திருக்கும். எழுத்து தெரிந்த பின்னர்தான் பாட வேண்டும் என்று இனி நாம் கூறமாட்டோம்.

சென்ற திங்களில் செயற்குழுவினர் மூவர் அந்தப் பெண்மணியின் இல்லம் சென்றோம். நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து, இவ்வாண்டு வந்து பாட வேண்டும் என்று கேட்டோம். 'அதெல்லாம் எப்பொழுதோ மறந்துவிட்டேன், மாமா' என்று அவர் சிரித்தார். காப்பி கொணர்ந்த அவர் தாயார் சிரிக்கவில்லை. 'அந்தத் தாளை இன்னும் பெட்டியில்தான் வைத்திருக்கிறாள்' என்றார்.

இன்றைய இன்னிசையில் முதற் பாட்டு 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்'. 2012-இல் இம்மேடையில் அதைப் பாடிய அதே உறுப்பினர் மீண்டும் பாடுகிறார். இரண்டாவது பாட்டு 'கண்கள் இரண்டால்'. பாடுபவர் இன்னார் என்று கூற வேண்டியதில்லை. அவர் மகள் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறாள். பாட்டு முடியும்வரை அனைவரும் அமர்ந்து கேட்குமாறு, குறிப்பாக நம் வயதையொத்த பெரியோரை, இருகரம் கூப்பி வேண்டிக்கொள்கிறோம்.